ஒரு கும்பகோணத்து டாக்டரின் வாரிசுகள்

(கும்பகோணத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நம் தஞ்சை மாவட்டத்தில் ஒருவர் காலமானால், துக்கம் விசாரிக்க வந்தவர்கள் திண்ணையில் உட்கார்ந்து தாழ்ந்த குரலில் பேசிக்கொள்வது பெரும்பாலும் ஒரே விஷயம்தான். பிள்ளைகளுக்கு என்ன வைத்துவிட்டுப் போனார்? நஞ்சை எத்தனை வேலி, தோப்பு எத்தனை மா, கடன் எவ்வளவு? பாட்டன் வைத்ததைக் குறைக்காமல் கொடுத்தவர் நல்ல தகப்பன். அதற்கு மேல் அரை வேலி சேர்த்துவிட்டால் ரொம்ப நல்ல தகப்பன். இந்தக் கணக்கை நான் குறை சொல்ல மாட்டேன். ஆற்றுத் தண்ணீரை நம்பி வாழ்கிறவர்களுக்கு நிலம்தான் பிடிமானம். ஆனால் இந்தக் கணக்குக்குள் வராத ஒரு தகப்பனைப் பற்றிப் பேசத்தான் இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

அவர் பெயர் டாக்டர் எம்.கே. சாம்பசிவன். இதே கும்பகோணத்தில் மருத்துவமனை வைத்திருந்தார். அறுவை சிகிச்சை மருத்துவர். அவர் இறந்தபோது மகன் சுவாமிநாதனுக்கு 11 வயது. அந்தப் பையனைத்தான் உலகம் பிற்பாடு எம்.எஸ். சுவாமிநாதன் என்று அறிந்துகொண்டது. பெயரின் முன்னே நிற்கும் ‘எம்’ மங்கொம்பு. கேரளத்தின் குட்டநாட்டில், அதுவும் ஒரு நெல் பூமி. முன்னோர் தஞ்சைப் பக்கத்திலிருந்து அங்கே போய்க் குடியேறியவர்கள் என்பது குடும்ப வரலாறு. ‘எஸ்’ சாம்பசிவன். மணிலாவிலும் ரோமிலும் டெல்லியிலும் அந்த மனிதரை எம்.எஸ். என்று கூப்பிட்டவர்கள் எல்லோரும், தெரிந்தோ தெரியாமலோ, நம் ஊர் டாக்டரின் பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

தகப்பனோடு 11 வருஷம். அதற்குப் பிறகு 2023 செப்டம்பர் 28 அன்று, தமது 98ஆம் வயதில் கண்மூடும்வரை, 87 வருஷம் தகப்பன் இல்லாமல். இந்த 11, அந்த 87ஐ எப்படி நடத்திச் சென்றது என்பதே என் பேச்சின் பொருள்.

சாம்பசிவன் டாக்டரின் காலத்துக் கும்பகோணத்தை முதலில் மனத்தில் கொண்டுவாருங்கள். வெற்றிலைக்கும் பாத்திரத்துக்கும் பேர் போன ஊர். மகாமகத்துக்குப் பேர் போன ஊர். இன்னொன்றுக்கும் பேர் போயிருந்தது. அதை வெளியூர்க்காரர்கள் சொல்வார்கள், நாம் சொல்ல மாட்டோம். யானைக்கால். கும்பகோணத்தில் பெண் எடுக்க வருகிறவர்கள் பெண்ணின் பாதத்தைப் பார்க்க வேண்டும் என்று சொன்ன காலம் அது. புடவையின் கரையைத் தரையைத் தொடும்படி இறக்கிக் கட்டிக்கொண்டு கல்யாணங்களுக்கு வந்த பாட்டிமார்களை இங்கே இருக்கிற மூத்தவர்கள் சிலர் பார்த்திருப்பீர்கள். வலியைவிட வெட்கம்தான் அதிகம் என்று அவர்கள் சொல்வதுண்டு.

இந்த நோயின் சூழ்ச்சியைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். நூல் போன்ற ஒரு புழு மனித உடம்பின் நிணநீர்க் குழாய்களுக்குள் வருஷக்கணக்கில் குடியிருக்கிறது. அதன் குஞ்சுகள் ரத்தத்தில் மிதக்கின்றன. பகலில் ஊசி குத்தி ரத்தம் எடுத்துப் பார்த்தால் அவை அனேகமாகக் கண்ணில் படாது. உடம்பின் உள்ளே, நுரையீரல் பக்கம் ஒதுங்கியிருக்கும். இரவு பத்து மணிக்கு மேல் தோலுக்கு அடியில் ஓடும் ரத்தத்துக்கு வந்துவிடும். கியூலெக்ஸ் கொசு கடிக்கிற நேரமும் அதுதான். அதனால்தான் யானைக்கால் ஊழியர்கள் வீடு வீடாக இரவில் வந்து, தூங்குகிறவர்களை எழுப்பி, விரல் நுனியில் குத்தி, கண்ணாடித் துண்டில் ரத்தம் தடவிக்கொண்டு போவார்கள். ஒரு கடி, இரண்டு கடியில் கால் வீங்காது. மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் கடிபட வேண்டும். பிறகு நெறி கட்டும், குளிர்க் காய்ச்சல் வரும், போகும், மறுபடி வரும். ஒரு நாள் கால் பழைய அளவுக்குத் திரும்பாமல் நின்றுவிடும்.

இந்தப் புழு கொசுவின் உடம்பில்தான் வளர்கிறது என்பது 1877இலேயே பாட்ரிக் மேன்சன் கண்டுபிடித்த உண்மை. மலேரியாவுக்கும் கொசுவுக்கும் உள்ள தொடர்பை ரொனால்டு ராஸ் நிரூபித்ததற்கு இருபது வருஷம் முந்தியது. காரணம் தெரியும், ஆனால் மருந்து கிடையாது. ரத்தத்தில் இருக்கும் புழுக்களைக் கொல்லும் டி.இ.சி. மாத்திரை 1947இல்தான் வந்தது. டி.டி.டி. தெளிப்பும் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தியது. சாம்பசிவன் டாக்டர் கையில் இரண்டும் இல்லை. கத்தியில் தேர்ந்த கைதான், ஆனால் கத்திக்கு இங்கே வேலை குறைவு. வீங்கிய காலோடு நோயாளி வாசற்படி ஏறி வருவதற்குள் எல்லாம் கைமீறிப் போயிருக்கும்.

அந்த நிலையில் ஒரு டாக்டர் என்ன செய்வார்? பலர் ஆறுதல் சொல்லி, தைலம் எழுதிக் கொடுத்து அனுப்பியிருப்பார்கள். அதைத் தப்பு என்று சொல்ல எனக்கு மனம் இல்லை. சாம்பசிவன் மருத்துவமனையை விட்டுத் தெருவுக்கு வந்தார். அசுத்தமான தேங்கிய தண்ணீரில்தான் அந்தக் கொசு முட்டையிடும்: கொல்லைப்புறக் குழி, அடைத்துக்கொண்ட சாக்கடை, பாழடைந்த கிணறு. இவற்றை ஒரு ஆளால் தூர்க்க முடியாது, நகராட்சியால் மட்டும்கூட முடியாது. ஒரு வீட்டுக்காரர் தம் குழியை மூடி அடுத்த வீட்டுக்காரர் மூடாவிட்டால் இருவருக்கும் பயனில்லை. ஆகவே ஊரைச் சேர்த்தார். ஊர் மக்களைத் திரட்டி, கொசு பிறக்கும் இடங்களை ஒழிக்கும் வேலையில் முன்னால் நின்றார்.

இதை வீட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தது ஒரு சின்னப் பையன். வாழ்நாள் முழுவதும் பேட்டிகளிலும் மேடைகளிலும் அவர் இதை நினைவுகூர்ந்தார். முடியாது என்பது பெரும்பாலும் நம் மனத்துக்குள்தான் இருக்கிறது, மனம் வைத்து உழைத்தால் பெரிய காரியமும் கைகூடும் என்கிற பொருளில் அப்பா சொன்னதாகச் சொல்வார். இதே வார்த்தையை எந்தத் தகப்பனும் சொல்லலாம். பிள்ளை காதில் வாங்காமல் போவான். இங்கே பிள்ளை கண்ணால் பார்த்தான். முதலில் காரியம் நடந்தது. பிறகுதான் வார்த்தை வந்தது. அந்த வரிசை முக்கியம் என்று நான் நினைக்கிறேன்.

இன்னும் இரண்டு காரியங்களை அந்தப் பையன் பார்த்தான். காந்தியடிகள் அந்நியத் துணியைத் துறக்கச் சொன்னபோது சாம்பசிவன் தம் வீட்டு அந்நியத் துணிகளைத் தீயில் போட்டார். தாழ்த்தப்பட்ட மக்களைக் கோயிலுக்குள் அனுமதிக்க வேண்டும் என்ற போராட்டத்திலும் நின்றார். இரண்டாவதன் கனத்தை நாம் இன்று சரியாக உணர்வதில்லை. சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசத்துக்குச் சட்டப் பாதுகாப்பு வந்தது 1939இல். மதுரை மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்ட மக்களை அழைத்துப் போனதும் அதே வருஷம் ஜூலையில்தான். சாம்பசிவன் அதற்கு முன்பே காலமாகிவிட்டார். சட்டமும் இல்லாத, முன்னுதாரணமும் அதிகம் இல்லாத நாளில், வைதீகம் ஆழ வேரோடியிருந்த இந்தக் கோயில் நகரத்தில், பிராமண டாக்டர் ஒருவர் அந்தப் பக்கம் நின்றார். அவருடைய தொழிலோ அக்கிரகாரத்தாரும் மிராசுதாரர்களும் கூப்பிட்டு அனுப்பினால் நடக்கிற தொழில். தமக்கு வரக்கூடிய நஷ்டம் அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

1930இல் ராஜாஜியின் உப்புச் சத்தியாகிரக அணி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு இந்த ஊர் வழியாகத்தான் நடந்து போனது. 1934 தொடக்கத்தில் ஹரிஜன யாத்திரையாக காந்தியே டெல்டாவுக்கு வந்தார். அதே 1934இல் மேட்டூர் அணையும் திறக்கப்பட்டது. இப்படிப்பட்ட ஒரு பத்தாண்டில்தான் சுவாமிநாதன் வளர்ந்தார். வீட்டில் பேச்சு எல்லாம் இதுவாகத்தான் இருந்திருக்கும்.

பிறகு டாக்டர் மறைந்தார். தாயார் பார்வதி தங்கம்மாள் பிள்ளைகளோடு நின்றார். தந்தையின் சகோதரர் நாராயணசாமி, அவரும் மருத்துவத் துறையில் கதிரியக்கப் பிரிவில் இருந்தவர், குடும்பத்தைத் தாங்கிக்கொண்டார். பையன் இங்கேயே லிட்டில் ஃபிளவர் பள்ளியில் படித்து முடித்தார். எல்லோருக்கும் ஒரே எண்ணம்: இவன் மருத்துவம் படிப்பான், அப்பாவின் ஆஸ்பத்திரியைத் திறந்து உட்காருவான். இயல்பான எண்ணம்தான். நம் பக்கத்தில் வைத்தியர் மகன் வைத்தியர், நாயனக்காரர் மகன் நாயனக்காரர், மிராசுதார் மகன் மிராசுதார்.

திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்தபோது 1943இல் வங்கப் பஞ்சம் வந்தது. கல்கத்தாத் தெருக்களில் மக்கள் கஞ்சித் தண்ணீர் கேட்டுச் சுருண்டு விழுந்தார்கள். 20 லட்சத்திலிருந்து 30 லட்சம் பேர்வரை மாண்டதாக வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். சுவாமிநாதன் மருத்துவம் படிக்கும் எண்ணத்தை விட்டுக் கோயம்புத்தூர் வேளாண் கல்லூரிக்குப் போனார். வேளாண்மை படிப்பது அன்று மதிப்பான தேர்வு அல்ல. நல்ல மதிப்பெண் எடுத்த பையன் அங்கே போவானா என்று வீட்டில் கேட்டிருப்பார்கள். பிற்பாடு ஐ.பி.எஸ். தேர்விலும் வென்றார், அதையும் விட்டுவிட்டு மரபியல் ஆராய்ச்சிக்காக நெதர்லாந்துக்குக் கப்பல் ஏறினார்.

அப்பாவின் மருத்துவமனைக்கு அவர் வரவில்லை. இதை வைத்து, தகப்பன் சொத்தைக் கட்டிக் காக்கவில்லை என்று திண்ணையில் பேசியிருப்பார்கள். நான் வேறுவிதமாகப் பார்க்கிறேன். வாசலுக்கு வந்த நோயாளியைத் தாண்டி, நோய் எங்கே பிறக்கிறது என்று தேடிப் போனவர் அப்பா. பசிக்கு வைத்தியம் ஆஸ்பத்திரியில் இல்லை, வயலில் இருக்கிறது என்று தேடிப் போனவர் மகன். தொழிலை மகன் எடுத்துக்கொள்ளவில்லை. அப்பா நடந்த வழியை எடுத்துக்கொண்டார். தந்தையின் நாற்காலியில் வந்து உட்கார்ந்திருந்தால் இவ்வளவு தூரம் தந்தையைப் போல ஆகியிருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம்.

கோதுமைக் கதை நாடறிந்தது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1960களின் நடுவில் இரண்டு வருஷம் மழை பொய்த்தது. அமெரிக்கக் கப்பல்கள் 1966இல் ஏறத்தாழ ஒரு கோடி டன் தானியம் கொண்டுவந்து இறக்கின. நார்மன் போர்லாக் மெக்சிகோவில் உருவாக்கிய குட்டைக் கோதுமையைச் சுவாமிநாதன் டெல்லி வேளாண் ஆய்வு நிறுவனத்தில் இந்திய மண்ணுக்குப் பழக்கினார். 18,000 டன் விதை இறக்குமதியானது. 1968இல் அறுவடை 1.7 கோடி டன். அதற்கு முன் இந்தியா கண்ட உச்சமே 1.2 கோடி டன்தான். இதில் நான் கவனிப்பது வேறொன்று. ஆய்வு நிலையத்தில் விளைந்ததைக் காட்டி விவசாயியை நம்பச் சொல்லவில்லை அவர். சின்ன விவசாயிகளின் சொந்த வயலிலேயே செயல் விளக்கத் திடல்களைப் போடச் செய்தார். டெல்லிக்கு அருகே ஜௌந்தி என்ற கிராமம் முழுவதையும் விதை கிராமமாக்கினார். பணக்காரன் வயலில் விளைந்தால் அது பணத்தால் விளைந்தது என்பார்கள், ஏழை வயலில் விளைந்தால் விதையை நம்புவார்கள் என்பது அவர் கணக்கு. சாக்கடையைத் தூர்க்க ஊரைக் கூட்டிய டாக்டரின் மகன் வேறு எப்படி யோசிப்பார்?

நெல்லுக்கு வருகிறேன், அதுதான் நம் விஷயம். இங்கே இருக்கிற விவசாயிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை; நம் பழைய சம்பா ரகங்கள் ஆள் உயரத்துக்கு வளரும். உரத்தைக் கூட்டினால் கதிர் கனத்து, ஐப்பசிக் காற்றுக்குப் படுத்துவிடும். படுத்த நெல்லில் தண்ணீர் நின்றால் முளைத்துவிடும், வைக்கோலும் போச்சு. ஜப்பானிய நெல் குட்டை, உரத்தைத் தாங்கும். இரண்டையும் சேர்க்க முடியுமா என்று 1950களில் கட்டாக் நெல் ஆய்வு நிலையத்தில் ஒரு பெரிய ஒட்டு முயற்சி நடந்தது. அதற்கு வழிகாட்டியவர் கே. ராமையா என்ற தமிழர். 1954இல் வெளிநாட்டிலிருந்து திரும்பிய சுவாமிநாதன் முதலில் போய்ச் சேர்ந்தது அந்தக் கட்டாக் நிலையத்தில், அந்த வேலையில்தான். இருந்தது சில மாதம். ஆனால் அந்த முயற்சியின் வழியில் நமக்கு ஒன்று கிடைத்தது. ஜப்பானின் நோரின் 10 நெல்லையும் நம் ஜி.இ.பி. 24ஐயும் ஒட்டி, ஆடுதுறை நிலையத்தில் தேர்ந்தெடுத்து வெளியிட்ட ரகம். ஆடுதுறை 27! பேரைச் சொன்னதும் முன் வரிசையில் சிலர் தலையாட்டுவது தெரிகிறது.

ஆடுதுறை 27 வந்தபோது தஞ்சை மாவட்டம் தீவிர வேளாண்மைத் திட்டத்தின் கீழ் இருந்தது. மேட்டூர் ஜூனில் திறந்தால் குறுவை போட்டு, அறுத்து, தாளடிக்கு நிலத்தைத் தயாராக்க வேண்டும். அதற்குக் குறுகிய வயதுள்ள, உரம் கொண்டால் விளைச்சல் காட்டுகிற நெல் தேவைப்பட்டது. ஆடுதுறை 27 அந்த இடத்தில் வந்து பொருந்தியது. கும்பகோணத்திலிருந்து ஆடுதுறை 15 கிலோமீட்டருக்குள். அந்த நெல்லை உருவாக்கியவர் சுவாமிநாதன் என்று நான் சொல்ல மாட்டேன்; பல விஞ்ஞானிகளின், நிலைய ஊழியர்களின் உழைப்பு அது. ஆனாலும் டாக்டர் மகன் உலகம் சுற்றி வந்து கை வைத்த வேலையின் கிளை ஒன்று, அவர் பிறந்த ஊருக்குப் பக்கத்து வயல்களில் கதிர் தள்ளியது என்பதில் எனக்கு மகிழ்ச்சி.

மகிழ்ச்சியோடு நிறுத்திக்கொண்டால் சாம்பசிவன் டாக்டருக்கு நியாயம் செய்தவனாக மாட்டேன். 1968ஐப் பாருங்கள். ஜனவரியில் வாரணாசியில் நடந்த அறிவியல் மாநாட்டில் சுவாமிநாதன் எச்சரித்தார்: மண் வளத்தைக் கவனிக்காமல், பூச்சிமருந்தையும் நிலத்தடி நீரையும் கண்மூடிப் பயன்படுத்தி, பல ரகங்கள் இருந்த இடத்தில் ஒன்றிரண்டை மட்டும் பயிர் செய்தால் வேளாண்மையே நொறுங்கிப்போகும் என்று. ஜூலையில் இந்திரா காந்தி கோதுமைப் புரட்சிக்குத் தபால்தலை வெளியிட்டார். டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்டுப் போராடிய பண்ணையாட்களின் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். எல்லோரும் தாழ்த்தப்பட்ட மக்கள். விளைச்சல் கூடிய அதே டெல்டாவில், அதே ஆண்டில். விதை புதிதாக வந்தது, களத்து மேட்டில் நெல்லைப் பங்கு பிரிக்கிற முறை பழையதாகவே இருந்தது. கோயில் கதவைத் திறக்கச் சொன்ன ஒருவர் வாழ்ந்த மாவட்டம் இது என்பதை நினைக்க எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

பசுமைப் புரட்சியைத் தஞ்சை மண்ணிலிருந்தே கடுமையாக எதிர்த்தவர் நம்மாழ்வார், இளங்காட்டில் பிறந்தவர். அவர் சொன்னதில் பெரும்பகுதி நியாயம். மண் மலடாகிறது, விதை கைவிட்டுப் போகிறது, விவசாயி கடனாளியாகிறான் என்று அவர் சொன்னவை இன்று எந்த ஊரிலும் கண்கூடு. சுவாமிநாதனை நான் மதிக்கிறேன், ஆனால் அவருடைய 1968 எச்சரிக்கையை அரசாங்கங்கள் காற்றில் விட்டபோது அவரும் இன்னும் உரக்கக் கத்தியிருக்கலாம் என்பது என் கருத்து. பின்னாளில் அவர் உரக்கத்தான் பேசினார். 2004 முதல் 2006 வரை தேசிய விவசாயிகள் ஆணையத்துக்குத் தலைமை தாங்கி, உற்பத்திச் செலவுக்கு மேல் குறைந்தது 50 சதவீதம் சேர்த்து ஆதரவு விலை கொடுக்கச் சொன்னார். மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபோது பெண் விவசாயிகளின் உரிமைக்காகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். நாற்று நடுகிற பெண்ணின் பேரில் பட்டா இல்லாததால் வங்கிக் கடன் இல்லை, கடன் அட்டை இல்லை என்ற நிலை மாற வேண்டும் என்பதற்காக. நிறைவேறவில்லை.

இனி பேத்திகள்.

சுவாமிநாதன் 1955இல் மணந்தது மீனா பூதலிங்கத்தை. கேம்பிரிட்ஜில் படிக்கும்போது அறிமுகம். மீனாவின் தாயார் யார் தெரியுமா? ‘வாசவேச்வரம்’ எழுதிய நாவலாசிரியை கிருத்திகா. மீனா அம்மையார் குழந்தைகளின் முன்பருவக் கல்விக்காக வாழ்க்கையைக் கொடுத்தவர். 1970களின் தொடக்கத்தில் அவர் தலைமையில் தயாரான அறிக்கை, நம் ஊர் அங்கன்வாடிகளுக்கு அடிப்படையான 1975 திட்டத்துக்கு வழிவகுத்தது. சாம்பசிவனின் பேத்திகளுக்கு வந்து சேர்ந்தது ஒரு பக்கத்து ஊற்று மட்டும் அல்ல என்பதற்காக இதைச் சொல்கிறேன். பிள்ளைகள் நல்லபடி வந்தால் அப்பா, தாத்தா என்று ஆண்களுக்கே பெருமையை எழுதிவைப்பது நம் கெட்ட பழக்கம்.

மூன்று பெண்கள். மூவரில் ஒருவர்கூட வேளாண் விஞ்ஞானி ஆகவில்லை. தகப்பன் உலகப் புகழ் பெற்ற துறை, கதவு திறந்தே இருந்தது. யாரும் அதற்குள் போகவில்லை, யாரையும் அவர் தள்ளவும் இல்லை. அப்பாவின் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் விட்டவருக்கு அந்த அருமை தெரிந்திருக்கும்.

மூத்தவர் சௌம்யா. தாத்தாவின் தொழிலுக்கு, ஒரு தலைமுறை தாண்டித் திரும்பியவர் அவர். குழந்தை மருத்துவம் படித்து, 1992இல் சென்னை சேத்துப்பட்டுக் காசநோய் ஆராய்ச்சி மையத்தில் சேர்ந்தார். அந்த மையத்தின் சரித்திரமே சுவாரசியமானது. காசநோயாளியை மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் அடைத்து வைக்கத் தேவையில்லை, ஏழை வீட்டில் வைத்தே மாத்திரை கொடுத்துக் குணமாக்கலாம் என்று 1950களின் இறுதியில் உலகத்துக்கு நிரூபித்த இடம். பணத்துக்கு வைத்தியம் பார்க்க நினைக்கிற மருத்துவர் அங்கே போக மாட்டார். 2015இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநர் ஆனார். 2019 முதல் 2022 வரை, கொரோனாக் காலத்தின் பெரும்பகுதியில், உலக சுகாதார நிறுவனத்தின் தலைமை விஞ்ஞானி.

இதில் ஒன்றை மட்டும் நின்று பார்க்க வேண்டும். அந்த ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் புதுச்சேரியில் ஒரு கொசு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. 1981 முதல் ஐந்து வருஷம் அந்த மையம் புதுச்சேரி நகரத்தில் மருந்து தெளிப்பதை மட்டும் நம்பாமல், தண்ணீர் தேங்கும் இடங்களைச் சீராக்கி, மக்களையும் சேர்த்துக்கொண்டு யானைக்கால் கொசுவை ஒழிக்கும் முயற்சியை நடத்தியது. மருந்து கைவசம் இருந்த காலத்திலும் விஞ்ஞானிகள் வந்து சேர்ந்த வழி, மருந்தே இல்லாத நாளில் நம் டாக்டர் பிடித்த அதே வழி. யானைக்கால் அவரோடு தீர்ந்துவிடவில்லை. 1990களின் பிற்பகுதியில் டெல்டா மாவட்டங்களில் எல்லோருக்கும் வருஷம் ஒரு முறை மாத்திரை கொடுக்கும் திட்டம் வந்த பிறகுதான் பிடி தளர்ந்தது. தாத்தா அந்த நோயோடு கும்பகோணத்தில் மல்லுக்கு நின்றார். நாடு முழுவதும் அந்த நோயை ஆராயும் நிறுவனங்களுக்குத் தலைவராகப் பேத்தி உட்கார்ந்தார். ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. தாத்தா இறந்து இருபது வருஷத்துக்கு மேல் கழித்துப் பிறந்தவர் பேத்தி.

இளையவர் நித்யா இங்கிலாந்தில் ஈஸ்ட் ஆங்கிலியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். பெண்களும் நிலமும் உழைப்பும் அவர் ஆய்வுக் களம். அப்பாவின் நிறைவேறாத மசோதா எந்தப் பெண்களுக்காகவோ அந்தப் பெண்களைப் பற்றித்தான் அவர் எழுதுகிறார்.

நடுவில் மதுரா. பொருளாதாரம் படித்தவர், பெங்களூர் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் பேராசிரியராக இருந்தவர். ரேஷன் கடை எப்படி நலிந்தது, அதனால் யார் வயிறு காய்ந்தது என்று 2000இல் ஒரு முழுப் புத்தகம் எழுதினார். ஆனால் நான் அவரைப் பற்றிச் சொல்ல விரும்புவது வேறு. காவிரிக் கடைமடைப் பகுதியின் பொருளாதார மாற்றத்தைப் பற்றி அவரும் சக ஆய்வாளர்களும் ஒரு நூல் தொகுத்திருக்கிறார்கள். வீடு வீடாகக் கணக்கெடுத்து, நிலம் யாரிடம், கூலி எவ்வளவு, பெண்களுக்கு எத்தனை நாள் வேலை, யார் வெளியூர் போனார்கள் என்று பார்த்த நூல். எடுத்துக்கொண்ட இரண்டு ஊர்களில் ஒன்று பாலக்குறிச்சி. ஒரு நூற்றாண்டுக்கு முன் கில்பர்ட் ஸ்லேட்டர் தம் சென்னை மாணவர்களை வைத்து ஆராய்ந்த ஊர். இன்னொன்று எது என்று நினைக்கிறீர்கள்? வெண்மணி.

ஆய்வாளர்கள் அந்த ஊரைத் தேர்ந்தெடுக்க ஆயிரம் கல்விக் காரணங்கள் இருக்கும். எனக்கு அவை வேண்டாம். 1930களில் கோயில் வாசலில் நிறுத்தப்பட்ட மக்களுக்காகப் பேசிய டாக்டரின் பேத்தி, அதே மக்களின் வீட்டு வாசலில் போய், உங்களுக்கு இப்போது நிலம் இருக்கிறதா, கூலி எவ்வளவு என்று கேட்டு எழுதுகிற ஆய்வில் பங்குகொண்டார் என்பது போதும்.

2024 பிப்ரவரியில் சுவாமிநாதனுக்கு, மறைவுக்குப் பின், பாரத ரத்னா அறிவிக்கப்பட்டது. டெல்லியில், அவர் வேலை பார்த்த வேளாண் ஆய்வு நிறுவன வளாகத்திலேயே பாராட்டு விழா. ஆதரவு விலை கேட்டு விவசாயிகள் டெல்லி நோக்கி வந்துகொண்டிருந்த நேரம்; சாலையில் தடுப்பு வைத்திருந்தார்கள். அந்த விழாவில் பேசிய மதுரா, விவசாயிகளைக் குற்றவாளிகளைப் போல நடத்தக் கூடாது, அவர்கள் நமக்குச் சோறு போடுகிறவர்கள், விஞ்ஞானிகள் அவர்களோடு பேச வேண்டும் என்று சொன்னார். பாராட்டு விழாவில் நன்றி சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஊர் முழுக்க ஒரு பக்கம் நிற்கும்போது எதிர்ப் பக்கம் நின்று பேசுகிற அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

சொத்து விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். 1987இல் முதல் உலக உணவுப் பரிசு சுவாமிநாதனுக்குக் கிடைத்தது. 2 லட்சம் டாலர். நம் கணக்குப்படி அது எத்தனை வேலி நிலம் வாங்கும்? அந்தப் பணத்தை முதலாக வைத்து 1988இல் சென்னையில் ஆராய்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கினார். அந்த அறக்கட்டளை கொள்ளிடத்து முகத்தில் பிச்சாவரத்தில் அழிந்துகொண்டிருந்த சுரபுன்னைக் காட்டை, கிராம மக்களையே சேர்த்துக்கொண்டு, வாய்க்கால் வெட்டி உப்பைக் கழுவி மீட்டது. 2004 டிசம்பரில் சுனாமி வந்தபோது அந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த குப்பங்கள் பல தப்பின. மகள்களுக்கு அவர் விட்டுச் சென்றது அந்த நிறுவனத்தின் பொறுப்பை. அதில் அவர்கள் மாறி மாறி உழைக்கிறார்கள்.

இந்த ஊர்க்காரர்களிடம் ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். மகனைப் பற்றிப் புத்தகங்கள் இருக்கின்றன, பேத்திகளைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதுகின்றன. அந்த டாக்டரிடம் வைத்தியம் பார்த்துக்கொண்டவர்களின் பேரப்பிள்ளைகள், கொள்ளுப்பேரப்பிள்ளைகள் இந்தக் கூட்டத்தில் நிச்சயம் இருப்பீர்கள். உங்கள் வீட்டுப் பரணில், பழைய டிரங்குப் பெட்டியில் அவர் எழுதிக் கொடுத்த ஒரு மருந்துச் சீட்டு, கதர் இயக்கக் கூட்டத்தின் போட்டோ, கொசு ஒழிப்புக்கு ஊரைக் கூப்பிட்ட ஒரு துண்டு நோட்டீஸ், எது கிடைத்தாலும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பாட்டி வாய்மொழியாகச் சொன்னது நினைவிருந்தால் தேதி போட்டு எழுதுங்கள். பிரதி எடுத்து ஊர் நூலகத்தில் கொடுங்கள். மகாமகக் குளத்தைச் சுற்றி எத்தனையோ பேருக்குக் கல்வெட்டு வைத்திருக்கிறோம். சாம்பசிவன் டாக்டரைப் பற்றி இந்த ஊரே எழுதிய ஒரு சிறு நூலாவது நம் பிள்ளைகள் கையில் இருக்க வேண்டும். அதற்கான முதல் பக்கத்தை உங்களில் யாராவது இந்த வாரமே எழுதத் தொடங்குங்கள்.